ஒளியைப் பிடித்த அம்மையார்

ஹற்றனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குச் செல்லும் பாதை, தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றி வளைந்து செல்வது. அவ்வூரிலே புனித மரியாள் ஆலயம் என்னும் சிறு தேவாலயம் ஒன்று உண்டு. அதன் கல்லறைத் தோட்டத்தில் கணவனும் மனைவியுமாக இருவர் அருகருகே துயில்கின்றனர். கணவர் சட்ட அறிஞர் சார்ள்ஸ் ஹே கமரன். மனைவியார் ஜூலியா மார்கிரட் கமரன். கூடையைச் சுமந்து கொழுந்து மடுவத்துக்குச் செல்லும் நம் பெண்களுள், அங்கே துயில்பவர் யாவர் என்பதை அறிந்தார் மிகச் சிலரே. ஆயினும் அவ்வம்மையார் எடுத்த ஒளிப்படங்களை உலகத்துப் பெரிய நூதனசாலைகள் பொன்னேபோற் போற்றி வைத்துள்ளன.

அவர் வரலாற்றை இப்போது எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. தை மாதத்து நாளொன்றில், தோட்டத்து லயத்தில் வளர்ந்த எம் மாணவன் ஒருவன், தான் எடுத்த வான்படங்களைக் கொணர்ந்து காட்டினான். இரவல் வாங்கிய கமரா ஒன்றை முக்காலியில் நிறுத்தி, மிருகசீரிடமும் திருவாதிரையும் விளங்கும் வானப் பகுதியை ஆறு கூறுகளாகப் பகுத்து, ஒன்றன் விளிம்பு அடுத்ததன் விளிம்பின்மேற் சிறிது படியுமாறு எடுத்திருந்தான். பின்னர் அவற்றைக் கணினியில் இணைத்து ஒரே படமாக்க முயன்றிருக்கிறான். இணைத்த இடமெல்லாம் கந்தைத் துணியின் தையல்போலத் தெரிந்தது. ஒரு கூறு வெளுத்தும் ஒரு கூறு கறுத்தும் கிடந்தன. விண்மீன்கள் சில இடங்களில் இரட்டித்து நின்றன. நாணத்தால் தலை குனிந்து, எல்லாவற்றையும் அழித்துவிடப் போவதாகக் கூறினான். அழிக்க வேண்டா என்று தடுத்து, அன்று மாலை அவனுக்குச் சொன்ன வரலாறே இது.

பிறப்பும் நட்பும்

ஜூலியா அம்மையார் 1815ஆம் ஆண்டு யூன் மாதம் 11ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் பற்றில், கிழக்கிந்தியக் கும்பனியில் உயர்பதவி வகித்தவர். தாயார் பிரெஞ்சுக் குலத்தவர். ஆதலின் அம்மையாரின் இளமைக் கல்வி பெரும்பாலும் பிரான்சு நாட்டிலே நிகழ்ந்தது. உடன்பிறந்த மகளிர் பலரும் அழகாற் புகழ்பெற்றிருக்க, இவர் ஒருவரே அறிவாலும் ஊக்கத்தாலும் பெயர் பெற்றார் என்பர்.

இருபதாம் வயதளவில் நோயுற்ற அவர், உடல் தேறும்பொருட்டுத் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றார். அங்கே 1836ஆம் ஆண்டில், அவர் வாழ்வைப் பிற்காலத்தில் உருவாக்கிய இருவரைச் சந்தித்தார். ஒருவர் சார்ள்ஸ் ஹே கமரன். இவர் பெயர் இலங்கை வரலாறு படித்தோர்க்குப் புதிதன்று. கோல்புறூக் என்பாருடன் ஆணைக்குழுவில் அமர்ந்து இந்நாட்டின் நீதித்துறையைச் சீர்திருத்த வழி வகுத்தவர் இவரே. அம்மையாரினும் இருபது ஆண்டு மூத்த இவரை அவர் 1838இற் கல்கத்தாவில் மணந்தார்.

மற்றவர் வானியற் பேரறிஞர் சேர் ஜோன் ஹேர்ஷல். வடபுலத்திற் காணவியலாத தென்வானத்தை ஆராய வேண்டி, இருபது அடி நீளத் தொலைநோக்கி ஒன்றைக் கப்பலேற்றிக் கொணர்ந்து, 1834 முதல் 1838 வரை அம்முனையில் இரவிரவாக விழித்திருந்தவர் அவர். 1,700க்கு மேற்பட்ட வான்முகில்களையும் விண்மீன் திரள்களையும், 2,100க்கு மேற்பட்ட இரட்டை விண்மீன்களையும் வரிசைப்படுத்தி 1847இல் நூலாக்கினார். அப்பணி முழுவதும் கண்ணால் நோக்கிக் கையால் வரைந்து முடித்ததாகும். அக்காலத்தில் விண்மீனைப் படம்பிடிக்கும் வழி இல்லை.

ஒளிப்படக் கலைக்கும் ஹேர்ஷல் செய்த உதவி பெரிது. வெள்ளியுப்பின்மேல் ஒளி படின் அது கறுக்கும் என்பதைப் பலரும் அறிந்திருந்தனர். கறுத்த உருவம் மேலும் ஒளிபட்டு அழியாதவாறு நிறுத்துவது எவ்வாறு என்பதே தீராத சிக்கலாய் இருந்தது. ஒளிபடாத வெள்ளியுப்பைக் கரைத்தகற்றும் ஆற்றல் ஹைப்போ என்னும் உப்புக்கு உண்டென்பதை 1819இலேயே கண்டவர் ஹேர்ஷல். 1839இல் அதனை ஒளிப்படத்துக்குப் பயன்படுத்திக் காட்டினார். நெகற்றிவ், பொசிற்றிவ் என்று இன்று நாம் வழங்கும் சொற்களை இத்துறைக்குத் தந்தவரும் அவரே. இப்புதுமையைப் பற்றிக் கல்கத்தாவிலிருந்த தம் தோழியார்க்கு அவர் எழுதி அறிவித்தார். அம்மையாரோ தம் கடைசி மகனுக்கு ஹேர்ஷல் என்ற பெயரையும் சேர்த்திட்டு அந்நட்பைப் போற்றினார். எனினும் அவர் தாமே ஒரு கமராவைத் தொடுவதற்கு இன்னும் நெடுங்காலம் செல்ல வேண்டியிருந்தது.

நாற்பத்தெட்டாம் வயதில் ஒரு மாணவி

1848இல் கமரன் குடும்பத்தினர் இந்தியாவை விட்டு இங்கிலாந்து சென்றனர். 1860இல் உவைற்றுத் தீவின் கடற்கரையில் இரண்டு வீடுகளை வாங்கி ஒன்றாக இணைத்து, அதற்கு டிம்போலா என்று பெயரிட்டனர். அப்பெயர் நம் மலைநாட்டு டிம்புலவின் பெயரே. தலவாக்கலைப் பக்கத்து அம்மலைகளில் அவர்களுக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. குடும்ப வருவாயிற் பெரும்பகுதி அத்தோட்டங்களை நம்பியிருந்தது. மன்னார்க் கரையிறங்கி, காட்டுவழி நடந்து, வழியிலே பலரைப் பறிகொடுத்து மலையேறிய நம் முன்னோரின் உழைப்பே அக்கோப்பி என்பதை இவ்விடத்து நினைவிற்கொள்ளல் வேண்டும். டிம்போலா இல்லத்தின் பெயர்ப் பலகையிலே நம் மலையும், அதன் அடுக்களையிலே நம்மவர் வியர்வையும் இருந்தன.

1863ஆம் ஆண்டு இறுதியில், கணவர் தோட்டங்களைப் பார்க்க இலங்கைக்கு வந்திருந்த காலத்தில், தனித்திருந்த தாய்க்குப் பொழுதுபோக்காகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தனர். அப்போது அம்மையாருக்கு வயது நாற்பத்தெட்டு. அக்காலத்தில் அவ்வயது ஓய்வுக்குரியது என்று கருதப்பட்டது. அவரோ நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறையாக்கினார். கோழிகளை வெளியேற்றி, கண்ணாடி வேய்ந்த கோழிக் கூட்டைப் படப்பிடிப்புக் கூடமாக்கினார். கலையின் முதலெழுத்தும் தெரியாத நிலையிலிருந்து தொடங்கினார்.

அக்காலத்து ஒளிப்படம் எத்துணைத் தொல்லையுடையது என்பதை இக்காலத்தார் எளிதில் உணரார். தூய கண்ணாடித் தட்டொன்றை எடுத்து, கொலோடியன் என்னும் பசைபோன்ற நீர்மத்தை அதன்மேல் ஒரு சீராகப் பரவவிடல் வேண்டும். பின் இருட்டறையில் அதனை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தி எடுத்தல் வேண்டும். தட்டு ஈரமாயிருக்கும்போதே கமராவிற் பொருத்திப் படமெடுத்து, உலருமுன் இருட்டறைக்கு ஓடி, உருத்துலக்கி, நிலைநிறுத்தி, கழுவி, உலர்த்தி, மெருகெண்ணெய் பூசல் வேண்டும். அதன்பின் முட்டை வெண்கரு பூசிய தாளின்மேல் தட்டை வைத்து வெயிலிற் காயவிட்டால் படி கிடைக்கும். அப்படி மங்காமல் நிற்க ஹைப்போ வேண்டும். கரைசல் பட்ட கையெல்லாம் கருங்கறை படியும். கறையை நீக்க வழங்கிய பொட்டாசியம் சயனைட்டோ கொடிய நஞ்சு. அம்மையார் அதனைக் கைகளில் வழியவிட்டதை அறிந்த ஹேர்ஷல், அஞ்சிக் கடிதமெழுதி எச்சரித்தார்.

முதலிற் பல தட்டுகள் கெட்டன. 1864ஆம் ஆண்டு சனவரி மாதம் 29ஆம் நாள், அனி பில்பொற் என்னும் சிறுமியின் முகம் தெளிவாகத் தட்டில் நின்றது. அதனையே தம் முதல் வெற்றியென அம்மையார் குறித்து வைத்தார். மகிழ்ச்சி மிகுதியால் வீடெங்கும் பரிசுப் பொருள் தேடி அச்சிறுமிக்குக் கொடுக்க விரைந்தார். படத்தையும் அன்றே முடித்து அவள் தந்தைக்கு அளித்தார்.

கறையும் கண்டனமும்

ஓராண்டுக்குள் அவர் ஒளிப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். கண்காட்சியிலும் படங்களை வைத்தார். பாராட்டினும் மிகுதியாகக் கண்டனமே வந்தது. துறையறிந்தோர் அவர் படங்களைப் பார்த்துக் குறைகளை அடுக்கினர். கண்ணிமையும் மயிரும் கூராகத் தெரியவில்லை என்றனர். தட்டிலே தூசியும் விரற்பதிவும் உள்ளன என்றனர். கொலோடியன் ஓடிய தடம் தெரிகிறது என்றனர். அவர்கள் கூறியவை யாவும் உண்மையே. வெடித்த தட்டிலிருந்தும் அவர் படி எடுத்தார். தட்டைச் சுரண்டித் திருத்தியதும் உண்டு. வெவ்வேறு தட்டுகளை இணைத்து ஒரே படமாக்கியதும் உண்டு.

அவர் குறைகளை நீக்க முயலாதவரல்லர். தட்டுகள் சிலவற்றின் மேற்பூச்சு வெடிக்கத் தொடங்கியபோது, 1869இற் சங்கத்தாரிடமே சென்று காரணம் வினவினார். ஆயினும் படத்துள் ஓர் உயிர் நின்றதாயின், மூலையிற் கிடந்த தூசிக்காக அதனை உடைத்தெறிய அவர் மனம் ஒருப்படவில்லை. முகத்தை மிக அண்மையில் நிறுத்தி, ஒரு பக்கத்து ஒளியில் மட்டும் விளங்கச் செய்து, நிமிடக் கணக்கில் அசையாதிருக்கச் செய்து எடுப்பது அவர் முறை. அந்நிமிடங்களில் இருந்தவரின் மூச்சும் எண்ணமும் படத்திற் படிந்தன போலும்!

கவிஞர் தெனிசன், அறிஞர் காளைல், டார்வின் முதலியோர் அவர் முன் அமர்ந்தனர். 1867இற் கென்ற் மாகாணத்துக்குக் கமராவுடன் சென்று, முதுமையெய்திய ஹேர்ஷலைப் படமெடுத்தார். வெண்மயிர் ஒளிவட்டம்போல் விளங்கவேண்டி அதனைக் கழுவிக் கலைத்துவிடச் செய்தார் என்பர். கரிய பின்புலத்தில் அம்முகம், இரவு வானிற் காணும் ஒளிப்பொருள்போலத் தோன்றுகிறது. தென்வானத்தைக் கணக்கிட்ட கண்கள் அப்படத்தில் இன்றும் விழித்திருக்கின்றன.

எளியோரும் அவருக்கு மாதிரிகளாய் அமைந்தனர். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரே பல படங்களில் தேவமாதாவாக விளங்குகிறார். மேரி றயன் என்னும் ஐரிஷ் சிறுமி தாயுடன் தெருவிலே இரந்து நின்றவள். அம்மையார் அவளை வீட்டிற் சேர்த்து வளர்த்துப் படமெடுத்தார். அவளை 1867இல் மணந்தவர் ஹென்றி கொற்றன். இந்தியரின் உரிமைக்காகப் பேசி, 1904இல் இந்திய தேசியக் காங்கிரசின் தலைவராகவும் அமர்ந்தவர் அவரே. இரந்து நின்ற சிறுமியின் பெயர் இன்றும் நமக்குத் தெரிகிறது என்பதை வாசகர் மனத்திற் கொள்க.

மீண்டும் இலங்கைக்கு

1871இல் ஹேர்ஷல் மறைந்தார். 1873இற் கமராவைப் பரிசளித்த மகளும் மறைந்தாள். கணவருக்கு இலங்கையின்மேல் தீராத வேட்கை. கோப்பியின் நிலையோ தளரத் தொடங்கியிருந்தது. இலைநோய் 1869 முதல் மலைகளில் பரவிவந்தது. 1875ஆம் ஆண்டு இறுதியில், எண்பது வயதுக் கணவருடன் அம்மையார் கப்பலேறினார். இருவர்க்கும் வேண்டிய சவப்பெட்டிகளையும் உடன் கொண்டுவந்தனர் என்றும், இடம் வீணாகாமல் அவற்றுள் பீங்கான்களை நிரப்பியிருந்தனர் என்றும் கூறுவர்.

களுத்துறையிலும் மலைத்தோட்டங்களிலும் மாறி மாறி வாழ்ந்தனர். இங்கே ஒளிப்படக் கலை எளிதாக இல்லை. இரசாயனப் பொருள்கள் கப்பலில் வரவேண்டும். தட்டுக் கழுவத் தூய நீர் வேண்டும். வெப்பமும் ஈரமும் தொல்லை தந்தன. படம் வாங்குவோரும் இலர். இங்கிலாந்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களை எடுத்தவர், இலங்கையில் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. ஓவியர் மரியன் நோர்த் அம்மையார் விருந்தினராக வந்தபோது அவரையும் படமெடுத்தார். ஏனையவற்றிற் பெரும்பாலானவற்றுள் இருப்போர் இந்நாட்டு மக்கள்.

பெயரில்லாத முகங்கள்

அப்படங்களை உற்று நோக்குந்தோறும் நெஞ்சம் கனக்கிறது. சேலையணிந்த இளம்பெண், குழந்தைகளோடு நிற்கும் குடும்பத்தார், மார்பிற் கைகட்டிய ஆடவர் எனப் பலர் நிற்கின்றனர். அவர்களுள் தோட்டத்திலும் வீட்டிலும் பணிசெய்த தமிழரும் உளர் என்பது ஆய்வாளர் கருத்து. நம் பாட்டியின் பாட்டியாகவும் அப்பெண் இருத்தல் கூடும். ஆனால் அவள் பெயர் யாது? எந்தத் தோட்டத்தாள்? எவ்வூரிலிருந்து கடல் கடந்தவள்? யாருக்கும் தெரியாது. இலங்கைப் பெண் என்றும், களுத்துறைக் குடியானவர் என்றும் பொதுப்பெயரே படத்துக்கு வாய்த்தது.

அம்மையார் குறிப்பெழுத அறியாதவரல்லர். இங்கிலாந்தில் 500க்கு மேற்பட்ட படங்களைப் பெயருடன் பதிப்புரிமைக்குப் பதிந்தவர். படியின் அடியிலே தம் கையால் தலைப்பும் கையொப்பமும் இட்டவர். பணிப்பெண்ணையும் இரந்து நின்ற சிறுமியையும் பெயரால் அறிய வைத்தவர். அத்தகையவர் இங்கு வந்தபின், முகத்தைப் போற்றிப் பெயரை விட்டார். தோட்டப் பேரேட்டில் ஆளாக மட்டும் எண்ணப்பட்டவர்கள், கலையின் ஏட்டிலும் அவ்வாறே ஆயினர்.

இரண்டு வகைப் பிழைகளை இவ்வரலாற்றிற் காண்கிறோம். ஒன்று தட்டிலே விழுந்த தூசி. அறிஞர் அதனைப் பெரிதுபடுத்தினர். காலம் அதனை மன்னித்துவிட்டது. மற்றொன்று எழுதாமல் விட்ட பெயர். அன்று அதனைக் குறையென்று கூறியவர் ஒருவருமில்லை. காலத்தாலும் இன்று அதனை மீட்டுத்தர முடியவில்லை. படத்தின் கறை கண்ணுக்குத் தெரிந்தது. பெயரின்மை கண்ணுக்குத் தெரியவில்லை. ஆதலாற்றான் இரண்டாவது பெரும்பிழை ஆயிற்று.

விண்மீன் மாலை

1878இல் ஒருமுறை இங்கிலாந்து சென்று மீண்ட அம்மையார், அடுத்த சனவரியில் நோயுற்றார். 1879ஆம் ஆண்டு சனவரி மாதம் 26ஆம் நாள், டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கேர்ன் தோட்டத்தில் உயிர் நீத்தார். பெரிய சாளரத்தின் முன்னே படுத்திருந்து, வெளியே விண்மீன்கள் ஒளிர்வதைக் கண்டு அவற்றின் அழகை வியந்தபடியே மறைந்தார் என்று, அவர் உறவின் வழித்தோன்றலாகிய எழுத்தாளர் வேர்ஜினியா வூல்ஃப் 1926இல் எழுதியுள்ளார். அடுத்த ஆண்டு கணவரும் மறைந்து அவர் அருகே அடக்கமானார்.

தை மாதத்து முன்னிரவில் நம் மலைக்கு மேலே நிற்பன மிருகசீரிடமும் திருவாதிரையும். அதே வேளையில், தெற்கே மலைமுகட்டுக்குச் சற்றே மேலாக, ஹேர்ஷல் நன்னம்பிக்கை முனையிலிருந்து எண்ணிக் கணக்கிட்ட பெரிய மகெல்லன் முகிலும் நிற்கும். அம்மையாரின் ஈரத்தட்டு, வான்முகிலின் மங்கிய ஒளியைச் சேர்க்குமுன் உலர்ந்துபோகும் இயல்பினது. உலர்தட்டு வந்தபின், 1880ஆம் ஆண்டு செப்ரெம்பர் 30ஆம் நாள் ஹென்றி டிறேப்பர் என்பார், சுமார் ஐம்பது நிமிடம் ஒளியேற்றி, மிருகசீரிடத்தருகே விளங்கும் வான்முகிலை முதன்முதலாகப் படமெடுத்தார். அம்மையார் மறைந்து இரண்டாண்டும் நிரம்பவில்லை. 1882இல் டேவிட் கில் என்பார் அதே நன்னம்பிக்கை முனையிலிருந்து வால்வெள்ளி ஒன்றைப் படமெடுத்தபோது, பின்னணியில் எண்ணிறந்த விண்மீன்களும் பதிந்திருந்தன. அதனால் ஊக்கமுற்ற வானியலார் 1887இற் பாரிசிற் கூடி, வான் முழுவதையும் சிறு சிறு தட்டுகளாகப் பகுத்துப் படமெடுக்கத் திட்டமிட்டனர். ஒவ்வொரு தட்டும் இரண்டு பாகை அகலமும் இரண்டு பாகை உயரமும் உடையது. தட்டுக்கு எண் உண்டு, நாள் உண்டு, அதில் அளந்த விண்மீனுக்கு இடக்குறிப்பு உண்டு. ஐதராபாத்து நிசாமியா வானாய்வகமும் பிற்காலத்தில் அப்பணியில் ஒரு பங்கை ஏற்றது. கண்ணுக்கு எட்டாத விண்மீனுக்கும் குறிப்பெழுதிய உலகம், கண்ணெதிரே நின்ற கொழுந்துக்காரியின் பெயரை எழுதாது விட்டது விந்தையன்றோ!

இவற்றையெல்லாம் கூறியபின் மாணவன் படங்களை மீண்டும் ஒருமுறை பார்த்தோம். மூலைகள் கறுத்தது வில்லையின் இயல்பால். விளிம்பில் ஒளி குன்றுவதை முன்னரே அளந்து கழித்த பின்னரே கூறுகளை இணைத்தல் வேண்டும். அடிவானை நோக்கிய கூறு வெளுத்தது பட்டண விளக்கொளியால். விண்மீன் இரட்டித்தது, இரண்டு கூறுகளும் பொருந்தப் போதிய அளவு ஒன்றன்மேலொன்று படியாமையால். நான்கில் ஒரு பங்கு படிய எடுத்தால் பொருத்தம் எளிதாகும். இவை யாவும் திருந்தக்கூடிய பிழைகள். ஆனால் எந்த நாளில், எந்த மேட்டிலிருந்து, எத்தனை நொடி ஒளியேற்றி எடுத்தான் என்று வினவியபோது அவனிடம் விடையில்லை. கமரா பிடிக்கத் துணைநின்ற தங்கையின் பெயரையும் அவன் எங்கும் எழுதவில்லை.

அன்று ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்தேன். முதற் பக்கத்தில் நாளையும் தோட்டத்தின் பெயரையும் தங்கையின் பெயரையும் எழுதினான். தையல் தெரியும் அந்தப் படத்தையும் அழிக்காமல் அதற்கு ஒன்று என்று எண்ணிட்டான். பொகவந்தலாவைக்குச் செல்லும் அன்பர்கள், ஆலயத்துக் கல்லறையில் ஒரு கணம் நின்று, கறை படிந்த கைகளோடு கற்கத் துணிந்த அம்மையாரை நினைக்க. திரும்பும் வழியில், வீட்டுப் பெட்டியிற் கிடக்கும் பழைய படங்களின் பின்புறத்தில் இருப்போர் பெயரை, சொல்லத் தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே எழுதி வைக்கவும் நினைக்க.